வீட்டுக்குத் திரும்பு

பேட்டரியை வயிற்றோடு ஒட்டி வைத்திருக்கிறேன்
கம்பளிச் சட்டைக்கும் தோலுக்கும் நடுவே.
மைனஸ் பத்தொன்பது.
வெளியே விட்டால் நான் பெயர் சொல்லி முடிப்பதற்குள்
பாதி செத்துவிடும்.

ஃபின்மார்க்கில் மார்ச் மாதம்
மதியத்திலேயே நிழல் நீளம்.
இருநூற்றுப் பதினான்காம் கோபுரத்தில்
கண்ணாடித் தட்டொன்று விரிசல் விட்டிருக்கலாம் என்று
சூடான அறையில் உட்கார்ந்து யாரோ சொன்னார்கள்.
இருக்கிறதா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள்.

எனக்கு முன்பே இஸ்ஸாத் அங்கே நின்றிருந்தான்.
அவனுக்குப் பின்னால் அறுபத்திரண்டு பனிமான்கள்
மின்பாதைக்கு அடியில் போக மறுத்து
மூன்றாம் நாளாக.
"தோருன், அந்தக் கரண்ட்டைக் கொஞ்சம் நிறுத்தேன்,
நாங்கள் போய்க்கொள்கிறோம்."
நானூற்றி இருபதாயிரம் வோல்ட்.
வீட்டு விளக்கை அணைப்பதுபோல் கேட்கிறான்.
சிரிக்கவில்லை அவன். நான்தான் சிரித்தேன்.

முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.
கம்பியிலிருந்து விலக்கித் தள்ளும் பக்கமாக
இடம் மாறி நின்றேன்.
கைதவறினாலும் காற்று நம் கட்சியில் இருக்க வேண்டும்.
தடித்த கம்பிகளை எல்லோரும் பார்த்துவிடுவார்கள்,
உச்சியில் ஒன்று ஓடுகிறதே
நரைமுடி போல, பயனற்றதுபோல,
இடியை வாங்குவதற்கென்றே கட்டிய கம்பி,
ஆளைக் கவிழ்ப்பது அதுதான்.

இஸ்ஸாத்துக்கும் ஒரு ட்ரோன் இருந்தது.
போன வருஷம்
மந்தையை ஓட்டிக்கொண்டு தாழப் பறந்து
இதே கம்பிகளுக்கு அடியில் நுழைந்தது.
சிக்னல் அறுந்தது.
சொன்ன பேச்சைக் கேட்கும் கருவி அது.
வீட்டுக்குத் திரும்பு என்று எழுதி வைத்திருந்தான்;
திரும்புமுன் நேரே நாற்பது மீட்டர் ஏறு
என்றும் அதே வரியில் எழுதியிருந்தது.
ஏறியது.
இருபத்திரண்டாவது மீட்டரில் கம்பி.
நீலமாக ஒரு சத்தம் என்றான்.
சத்தத்துக்கு நிறமுண்டா என்று நான் கேட்கவில்லை.

என்னுடையதில் அந்தக் கட்டளையை அணைத்தேன்.
சிக்னல் போனால் நின்ற இடத்தில் நில் என்று மாற்றினேன்.
பக்கவாட்டில் அனுப்பினேன், முப்பது மீட்டர் தள்ளி,
மேலேயும் இல்லை கீழேயும் இல்லை.

அப்போது திசைகாட்டி உளறத் தொடங்கியது.
வடக்கு எங்கே என்று அதற்குத் தெரியவில்லை.
ட்ரோன் தன் நிழலைத் தேடும் நாயைப்போல
ஒரு வட்டம் போட்டது.
என் கட்டைவிரல்,
பதினோரு பேருக்கு இதே பாடத்தை நடத்திய கட்டைவிரல்,
வீடு படம் போட்ட பொத்தானுக்குத்தான் போனது.

பொத்தானுக்கு ஒரு மயிரிழை முன்னால்
நின்றது.
திரையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தேன்.
ஒரு புள்ளி. அதன் பின்னால் கம்பி இல்லாத வெளி.
அந்தப் பக்கமாக, கையால், மெல்ல,
இன்னும், இன்னும் கொஞ்சம்,
கம்பி முனகல் குறையும்வரை.

இரண்டாம் முறை புற ஊதாக் கேமராவோடு போனேன்.
ஏழாவது தட்டு. விரிசல் உண்மைதான்.
அதோடு திரையில்
ஒவ்வொரு கோபுரத்திலும் ஊதா நிறத்தில் பொறிகள்,
கொப்பளித்து, அவிந்து, மறுபடி கொப்பளித்து.
நிமிர்ந்து பார்த்தால் வெறும் வானம்.

இஸ்ஸாத் திரையை வாங்கி
உறைபனி மீசையோடு வெகுநேரம் பார்த்தான்.
"பனிமான் கண்ணுக்கு இது தெரியுமாம்,
சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்" என்றேன்.
"மூன்று நாளாக அதுகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்"
என்றான். திரையைத் திருப்பிக் கொடுத்தான்.
பதினேழு கிலோமீட்டர் சுற்று வழி.
மணி கட்டிய கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
நடக்கத் தொடங்கினான்.

அறிக்கையில்
கோபுரம் 214, தட்டு 7, மாற்றவும் என்று எழுதினேன்.
பிற குறிப்புகள் என்ற கட்டத்தில்
அறுபத்திரண்டு, கடக்கவில்லை, காரணம் கண்டேன்.

அலுவலகத்தில் அந்த வரியை எடுத்துவிடுவார்கள்.
பேட்டரி இன்னும் வயிற்றில் சுடுகிறது.