நாற்பத்தொன்றாம் நாள்

வியாழன் மாலை ஆறு மணி.
தெற்கு டகோட்டாவின் தலைநகர் பியரில்,
நான்கு தொலைபேசி விளக்குகளுக்கு நான் வாயிற்காவல்.
பெயர் என்ன, எந்த ஊர், என்ன கேள்வி,
உங்கள் பக்கத்து வானொலியைக் கொஞ்சம் குறையுங்கள்.
இவ்வளவுதான் என் வசனம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரீன் டோசெத்.
ஒரு கையில் மசோதாப் பட்டியல்,
மறு கையில் இருமல் மிட்டாய்.
மிசூரி ஆறு உறைந்து கிடக்கும் ஜனவரியிலிருந்து
மார்ச்சுச் சேறு வரைக்கும்,
சட்டமன்றம் கூடியிருக்கும் வாரங்களில் மட்டும்
அவர் குரலுக்குப் பத்து வயது குறையும்.

மூன்றாம் விளக்கு என்றால் வெர்லின் ஹௌக்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
வாராவாரம் ஒரே கேள்வி:
பாட்ஜர் ஓடைப் பாலத்தை எப்போது திறப்பீர்கள்?

மூடி இரண்டு குளிர்காலம் ஆகிறது.
இக்கரையில் நின்றால் பள்ளி தெரியும்,
கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதும் தெரியும்.
பேருந்து பத்தொன்பது மைல் சுற்றிப் போகிறது.
எட்டுப் பிள்ளைகள்.
அதில் ஒருத்தி, தினமும் அதே வளைவில் வாந்தி.
இப்போதெல்லாம் அவளே வாளி கொண்டுவருகிறாளாம்.
இது ஒலிபரப்பில் வந்ததில்லை.
காத்திருக்கும் நேரத்தில் என்னிடம் சொன்னது.

பிப்ரவரியில் ஒரு வாரம்
குழுத் தலைவர் டேரல் க்ரோட் விருந்தினராக வந்தார்.
பனி ஒட்டிய பூட்ஸ், நல்ல சிரிப்பு,
எங்கள் காப்பியைப் பாராட்டிக் குடித்தார்.
சிறு பாலங்கள் மசோதா என்ன ஆயிற்று என்றார் கரீன்.
"அருமையான மசோதா. யாரும் கொல்லவில்லை.
நாற்பத்தொன்றாம் நாளுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்."

மூன்றாம் விளக்கு.
"அது என்ன தேதி, ஐயா?
நான் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும்."

நான்கு நொடி.
வானொலியில் நான்கு நொடி என்பது
நடுச்சாலையில் நின்றுபோன லாரி.
பிறகு கரீன்தான் சொன்னார், மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு:
"வெர்லின், கூட்டத்தொடரே நாற்பது நாள்தான்."

இன்று ரொக்கம், நாளை கடன் என்று
மளிகைக் கடையில் பலகை தொங்குமே,
அந்த நாளை.
அதற்கு இங்கே
எண் போட்டு, முன்மொழிந்து, வழிமொழிந்து,
குறிப்பேட்டில் ஏற்றுகிறார்கள்.

"நல்லது" என்றார் வெர்லின்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த வாரம் மூன்றாம் விளக்கில்
யாரோ சூதாட்ட வரி பற்றிப் பேசினார்கள்.
அதற்கடுத்த வாரம் நீர்க் குத்தகை.
மார்ச் கடைசியில் நிகழ்ச்சியும் முடிந்தது,
அடுத்த கூட்டத்தொடர் வரை வணக்கம் என்று.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை.
ஒலிப்பதிவு அறையில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
யாரும் அழைக்காத நாளில் ஒரு விளக்கு எரிகிறது.

"சட்டமன்றத்திலிருந்து பேசுகிறேன்.
நேற்று நாற்பது. எண்ணிப் பார்த்துவிட்டேன்.
பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே வந்தேன்.
வண்டி படிக்கட்டுக்கு நேராக நிற்கிறது, மஞ்சளாக."

"அங்கே யார் இருக்கிறார்கள்?"

"ஒருவர் கம்பளத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்.
இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்.
பாலத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.
எத்தனை மைல் சுற்று என்று கேட்டார்.
இத்தனை நாளில் அதை யாரும் கேட்டதில்லை, தெரியுமா?"

பின்னால் இயந்திரம் மறுபடி உறுமியது.
மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும் என்று
அவர் வைத்துவிட்டார்.

பழக்கத்தில் சீட்டை எடுத்தேன்.
பெயர்: வெர்லின் ஹௌக்.
கேள்வி: அதே.
மேல் ஓரத்தில், ஒலிபரப்பும் நாள் என்ற கட்டத்தில்
அடுத்த ஜனவரி என்று எழுதினேன்.

எழுதிய கை அங்கேயே நின்றது.

கரீன் விடுமுறையில் தொந்தரவு வேண்டாம் என்றிருந்தார்.
அவர் வீட்டு எண்ணை அழுத்தினேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
வைக்கவில்லை.