ஒன்பதாம் மாடி

நடக்கும்போது இடது பின்னங்காலில் ஒரு சத்தம்,
தீக்குச்சி ஒடிவதுபோல.
டிவியை அணைத்தால்தான் கேட்கும்.

டாக்டர் மெதேயா எக்ஸ்ரேயை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
"கிண்ணத்தில் உட்கார வேண்டிய பந்து
இவளுக்குத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது.
ஏழு மாதம்தானே, மெதுவாக வளரட்டும்.
படி வேண்டாம். வழுக்கும் தரை வேண்டாம்.
கால்சியம் மாத்திரை வேண்டவே வேண்டாம்.
விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது,
கைக்குத் தெரியணும்."

காக்கேசிய மலை நாய். முப்பத்தெட்டு கிலோ.
பெயர் பொம்போரா.
ஓநாயோடு மல்லுக்கட்டப் பிறந்த இனம்,
என் வீட்டு மெழுகுத் தரையில்
நான்கு காலும் நான்கு திசைக்குப் போய் விழுந்தது.

அன்றிரவே சுவர்க் கம்பளத்தை இறக்கினேன்.
கல்யாணத்துக்கு வந்தது,
முப்பது வருடம் ஆணியில் தொங்கியது.
சுவரில் இப்போது வெளிறிய ஒரு சதுரம்.
வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள்,
அப்புறம் நாயை, அப்புறம் என்னை.

திபிலிசியில் பிரியம் என்றால் தட்டு நிறைய.
எதிர்வீட்டு லமாரா வாசலில் நின்று ஏசுவாள்:
"பாவி, குழந்தையைப் பட்டினி போடுகிறாயே!"
அவள் மேலங்கிப் பையில் எப்போதும்
ஒரு துண்டு பாலாடைக்கட்டி.
நான் முந்நூறு கிராம் அளந்து போடுகிறேன்.
பொம்போரா காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு
சமையலறை முழுக்க வருகிறாள்.
நான் கழுவின பாத்திரத்தையே
மறுபடி கழுவுகிறேன்.

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
இருபது தெத்ரி விழுந்தால்தான் கதவு மூடும்.
நாளைக்கு நான்கு முறை.
சில்லறைக்காகவே ரொட்டி வாங்கி
ரொட்டி காய்ந்து கிடக்கிறது.

ஜனவரியில் ஒரு ராத்திரி
காசை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது லிஃப்ட்.
பொம்போரா படியைப் பார்த்தாள்.
ஏறிவிடுவாள். அதுதான் பயம்.
முதல் படியில் குறுக்கே உட்கார்ந்தேன்,
பனி உருகி என் பாவாடைக்குள் இறங்கியது.

டாக்ஸியை நிறுத்திவிட்டு நுக்ஸார் வந்தான்.
விஷயம் கேட்டான், சிரிக்கவில்லை.
மேலிருந்து லமாரா போர்வையோடு இறங்கினாள்,
வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே.

போர்வையின் முன்பக்கம் அவன், பின்பக்கம் நான்,
இடுப்புக்குக் கீழே லமாராவின் இரு கைகள்.
மகாராணி மாதிரி கிடந்தாள் பொம்போரா,
ஒவ்வொரு திருப்பத்திலும்
அடுத்தவர் வீட்டுக் குழம்பை மோந்தபடி.

ஐந்தாம் மாடியில் அதே சத்தம்.
தீக்குச்சி.
நாய் போர்வையில்தான் இருந்தது.
லமாரா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு
தன் முழங்காலைப் பார்க்காமல் நின்றாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கொஞ்சம் நின்று ஏறினோம்.

ஒன்பதாம் மாடி.
கம்பளத்தில் இறக்கினோம்.
லமாராவின் கை பைக்குள் போனது.
மற்றக் கை பொம்போராவின் விலாவைத் தடவியது,
ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் நின்று நின்று.
பாலாடைக்கட்டியை எடுத்தாள்,
பாதியை வாயில் போட்டு மென்றாள்,
மீதியைப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு," என்றாள் நாயிடம்.