செவ்வாய்க்கிழமை சௌனா

கயானியில் பிப்ரவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
நகராட்சி நீச்சல்குளத்தின் பின்னறையில்
செவ்வாய் ஆறரை முதல் எட்டு வரை எங்கள் முறை.
ஆறு பெண்கள், மூன்று மரப்படிகள், ஒரு வாளித் தண்ணீர்.
உடுப்பில்லாத இடத்தில் ஒளிக்க என்ன இருக்கிறது:
தெல்லர்வோவின் தொடையில் ஊசி குத்திக் குத்தித் தடித்த மேடு,
ஹில்க்காவின் வயிற்றில் பம்ப் குழாய் விட்டுப்போன சிவப்பு வட்டங்கள்,
என் புஜத்தில் கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு வில்லை.
நீராவிக்கு அதன் பசை இளகும்.
மேலே ஒட்ட இர்மேலி பிளாஸ்திரி கொண்டுவருவாள்,
குழந்தைகளுக்கானது, கரடிப் படம் போட்டது.

நாங்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை.
"எவ்வளவு?"
"எட்டு."
"இறங்குதா?"
"மெல்ல."
பதின்மூன்று என்று ஒருத்தி சொன்னால்
என்ன சாப்பிட்டாய் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
அதைக் கேட்க வீட்டில் ஆள் உண்டு,
மருத்துவமனையில் உண்டு,
அலுவலகத்தில் கேக் வெட்டும்போதெல்லாம் உண்டு.
இங்கே கல்லின்மேல் ஒரு கரண்டி நீர் ஊற்றுவார்கள்.
கல் சீறும். அவ்வளவுதான் பதில்.

அன்று சைமி வரவில்லை.
ஏழு ஐந்துக்கு உடைமாற்றும் அறையில் ஓர் அலறல்.
தாழ்வு மணி. எங்கள் எல்லோருக்கும் ஒரே மணி.
ஐந்து பேரும் ஈரக்காலோடு ஓடி
அவரவர் போனைத் துழாவினோம்,
பள்ளி விட்டதும் செருப்புத் தேடும் பிள்ளைகளாய்.
என்னுடையது இல்லை. என்னுடையதும் இல்லை.
இர்மேலியின் திரையில் சைமியின் பெயர்.
2.9. கீழ்நோக்கி அம்பு.
அழைத்தோம். எடுக்கவில்லை.
2.6. எடுக்கவில்லை.
தனியாக இருப்பவள்.
போன செவ்வாய்தான் சொல்லியிருந்தாள்,
"முன்னெல்லாம் கை நடுங்கும்.
இப்போது உடம்பு எனக்குத் தகவல் சொல்வதை நிறுத்திவிட்டது" என்று.

தெல்லர்வோவின் வேனில் ஏறினோம்.
ஆளுக்கொரு கோட்டு, உள்ளே வெறும் துண்டு.
வாசலுக்கும் வண்டிக்கும் நடுவிலேயே ஈரத்தலை உறைந்து
கொத்துக்கொத்தாய் விறைத்து நின்றது.
யாரும் சிரிக்கவில்லை.
ஹில்க்காவின் மடியில் ஆரஞ்சுச் சாறும் அவசர ஊசியும்.
திருப்பங்களில் கைக்குழந்தையைப் போல
அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் மாடி. தட்டினோம், இடித்தோம்,
பக்கத்து வீட்டு நாய் ஊரைக் கூட்டியது.
கதவு திறந்தது.
சைமி. கன்னத்தில் தலையணைக் கோடுகள், கையில் வாணலி.
"யார் செத்தது?" என்றாள்.

விரலைக் குத்திப் பார்த்தால் 6.4.
அசதியில் சோபாவில் சாய்ந்தவள்
வில்லை இருக்கும் கைமேலேயே உருண்டு தூங்கியிருக்கிறாள்.
நசுங்கிய வில்லை பொய் சொல்லியிருக்கிறது.
போன் நடையில் தொங்கிய கோட்டின் அடிப்பையில்.

அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.
வாணலி எதற்கு என்று மூன்றுமுறை கேட்டேன்.
கழுத்தில் வழிவது உருகும் தலைமுடி என்று நினைத்தேன்.
சைமி மட்டும் என்னையே பார்த்தாள்.
"வுவோக்கோ, உட்கார்."
"எனக்கு ஒன்றுமில்லை."
"அதைச் சொல்லவே உனக்கு நாக்குக் குழறுது. உட்கார்."

3.0.
சூட்டில் இன்சுலின் வேகமாக ஓடும்.
புதிதாய் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.
என் போன் நீச்சல்குள அலமாரியில் கிடந்து
சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை என்று
ஈரத்துணிகளிடம் முறையிட்டுக்கொண்டிருந்திருக்கும்.

அவளுக்குக் கொண்டுவந்த சாற்றை நான் குடித்தேன்.
டம்ளரை அவள்தான் பிடித்திருந்தாள்.
பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.
சின்னச் சமையலறையில் கோட்டுக்குள் துண்டோடு
அடுப்பின் கடிகாரத்தைப் பார்த்து நின்றோம்.
ஒன்பதாம் நிமிடத்தில் ஹில்க்கா,
"உறைபெட்டியில் ஏலக்காய் ரொட்டி ஏதாவது?" என்றாள்.
இருந்தது. சூடாக்கினாள். வெண்ணெய் மணந்தது.
ஆளாளுக்கு மனசுக்குள் கூட்டிக் கழித்து
பேனா ஊசியைத் திருகும் கிளிக், கிளிக், கிளிக்.

நான் மட்டும் அன்று
கணக்குப் போடாமல் தின்றேன்.