இடக்கழுத்துச் சுழி

தாடியோடு வந்தால் முகமூடி ஏறாது என்றார்
கேப்டன் ஹசிந்தா ஒயார்சூன்.
ஒரு மயிரிழை போதுமாம், புகை உள்ளே வர.
உவமையாகச் சொல்லவில்லை.
ரப்பர் விளிம்பில் விரல் வைத்துக் காட்டினார்.

நாற்பத்தோரு வயது எனக்கு. பத்தொன்பதில் விட்ட தாடி.
பகலில் பழைய குளிர்பெட்டிகளுக்கு வாயு நிரப்புகிறேன்.
இரவில், வால்பரைசோவின் குன்றுகளில்
சம்பளமில்லாத் தீயணைப்புப் படையில் புதியவன்.

கத்தரியால் வெட்டிய ராத்திரி
கழுவுதொட்டியில் என்னைவிட மூத்த ஒருவன் கிடந்தான்.
மிரேயா எட்டிப் பார்த்தாள்:
"அட, உன் மோவாயில் குழி இருக்கிறதா?"
பதினோரு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம்.

சந்தையில் வாங்கினேன் ரேசரை.
எஃகு. நல்ல கனம். ஐந்து பிளேடு இலவசம்.
என் முகம்தானே என்று
பெயின்ட் சுரண்டுவதுபோல் அழுத்தினேன்.
மேலே, கீழே, மறுபடி மேலே,
நுரை போன இடத்தில் இன்னொரு தடவை,
சந்தேகத்துக்கு இன்னொன்று,
கடைசியில் கைநிறைய கொலோன்.
கத்தியது மனிதன் என்று
பக்கத்து வீட்டு நாய்க்குத் தெரியவில்லை.
பதில் சொன்னது.

காலையில் கழுத்து முழுக்கச் செம்புள்ளிகள்.
பயிற்சிக் கூடத்தில் முகமூடியை இறுக்கியதும்
வேர்வை அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தது.
முப்பது நிமிடக் காற்று முதுகில் இருந்தது.
பதினெட்டிலேயே கழற்றிவிட்டேன்.
"புகையா?" என்றார்கள்.
ஆமாம் என்றேன்.

ஒரு வாரம் பம்பு வண்டியோடு நிற்கச் சொன்னார்கள்.
நின்றேன். முகத்தைத் தொடவில்லை.
முடி அரிசியில் பாதி வளர்ந்ததும்
கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன்.
கன்னத்தில் எல்லாம் கீழ்நோக்கி, ஒழுக்கமாக.
வலப்பக்கம் மோவாய்க்கடியில், காதைப் பார்த்து.
இடக்கழுத்தில் ஒரு சுழி,
ஓடையில் இலை மாட்டிச் சுற்றுவதுபோல்
யாருக்கும் கட்டுப்படாமல்.
அதன்மேல்தான் நான் நேர்கோடு போட்டிருக்கிறேன்,
ஏழு தடவை.

மிரேயாவின் கண்மைப் பென்சிலால் அம்புகள் வரைந்தேன்.
நிலையத்துச் சுவரில் தொங்குமே,
எந்தக் குன்றில் எந்த மாதம்
காற்று எப்பக்கம் என்று ஒரு வரைபடம்,
அதைப்போல் ஆனது கழுத்து.
அவள் பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த தடவை வெந்நீரில் குளித்த பிறகு.
பிரஷ்ஷால் நுரையைச் சுற்றிச் சுற்றி,
முடி எழுந்து நிற்கும் வரை.
புது பிளேடு.
கைப்பிடியின் நுனியில் இரண்டே விரல்.
எஃகின் கனம் இறங்குகிறது. நான் தள்ளவில்லை.
சாய்வு சரியானால் ஒரு சத்தம் வரும்,
மணலில் நடப்பதுபோல.
அது நின்றால் நானும் நின்றேன்.
அம்புகளின் வழியே, சின்னச் சின்னதாய்,
ஒரு நகம் அளவு, இன்னொரு நகம் அளவு.
விட்டுப்போன இடத்துக்கு மறுபடி நுரை.
கொலோன் அலமாரியிலேயே இருந்தது.
குளிர்ந்த தண்ணீர் போதும்.

சுழியிடம் மட்டும் கை தயங்கியது.
முக்கால்வாசி எடுத்தேன். மிச்சம் சொரசொரத்தது.
அதற்கு மேல் போனால் ரத்தம்.

மறுநாள் தலை குனிந்து நின்றேன் கேப்டன் முன்.
தாடை நெடுக ஒரு விரலை ஓட்டினார்.
முகமூடியை அழுத்தி, குழாயை உள்ளங்கையால் மூடி,
"உறிஞ்சு" என்றார். முகத்தோடு ஒட்டியது.
"கழுத்தில் கொஞ்சம் பாக்கி..." என்று இழுத்தேன்.
"ரப்பர் இங்கே முடிகிறது.
அதற்குக் கீழே உன்னை யார் கேட்டது?"

யாரும் கேட்கவில்லை.
இரண்டு விரல்கடை கீழே, எல்லைக்கு வெளியே இருந்த
அந்தச் சுழிக்காகத்தான்
ஐந்து பிளேடும், ஒரு வாரமும், ஒரு பொய்யும்.

மார்ச்சில், விடியற்காலை நாலு மணிக்கு,
தகரக் கூரை வீடு ஒன்றின் உள்ளே
தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தேன்.
கண்ணாடிக்குள் வேர்வை ஒரு சொட்டு
கன்னம் இறங்கி, ரப்பரோரம் வந்து தேங்கியது.
எரியவில்லை.
எரியவில்லை என்பதையே
வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன்.

சுழி இப்போதும் இருக்கிறது,
இரண்டு விரல் அகலத்துக்கு, தன்னிஷ்டப்படி.
பேச்சு நடுவில் மிரேயாவின் விரல்
சில நேரம் அதைச் சுற்றும்,
ஒருநாள் இடமாக, ஒருநாள் வலமாக.