ஏழாம் நாற்காலி

செந்தூல், சலவைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
செவ்வாய், வியாழன், சனி
ஏழாம் நாற்காலி எனக்கு.
மற்ற நாள்களில் அதே நாற்காலி
யாருக்கோ.

முதல் சீட்டு நான் ஒட்டியதுதான்,
ரிமோட்டின் முதுகில்:
"மழைப் படத்தைத் திறக்காதீர்கள்.
இடைவேளை வரை நனைகிறார்கள்.
நமக்கு நாளைக்கு அரை லிட்டர்."

வியாழனன்று பதில் இருந்தது,
சாய்ந்த, திருத்தமான எழுத்தில்:
"பார்த்துத் தொலைத்துவிட்டேன்.
அதில் தேநீர் ஆற்றும் காட்சி இன்னும் கொடுமை.
கறுப்பு வெள்ளையில் ஒரு வக்கீல் படம் உண்டு.
மூன்று மணி நேரம்,
ஒருவரும் ஒரு மடக்குக் குடிக்கவில்லை.
அவ்வளவு பேசியும்."

பார்த்தேன்.
உண்மைதான், வறண்ட நல்ல படம்.

பிறகு அவர் சொல்லி ஒரு மலாய்ப் பேய்த் தொடர்.
"எனக்கு அழுத்தம் நூற்று எண்பது ஏறியது,
தாதி நோர்லைலா திட்டினாள்,
தவற விடாதீர்கள்."
நான் சொல்லி ஒரு சமையல் போட்டி;
உப்பு போடும்போது கண்ணை மூடிக்கொள்ளவும் என்றேன்.

ஒன்றை மட்டும் தயங்கி எழுதினேன்.
கணவனும் மனைவியும் ரயிலில் எதிரெதிரே
பேசாமல் வருகிற படம்.
"முடிவு எனக்குத் தெரியாது.
ஐந்து முறை போட்டுவிட்டேன்,
சுரங்கப்பாதை வந்ததும் கண் சொக்கிவிடுகிறது.
பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன்."

"பார்த்தேன். சொல்ல மாட்டேன்."
அவ்வளவுதான் பதில்.
ஒரு வாரம் கோபத்தில் நான் எழுதவில்லை.

தைப்பூசத்துக்குச் சாலைகளை அடைத்தார்கள்.
அட்டவணை குழம்பியது.
ஏழாம் நாற்காலிக்கு இரண்டு பேர்.
ஒரு டீச்சரம்மாவை நினைத்திருந்தேன்.
வந்தவர் புருசோத்தமன்,
கிள்ளானுக்கு லோரி ஓட்டியவர்,
உள்ளங்கை தோசைக்கல் அகலம்.
"நீங்க உக்காருங்க" என்று எட்டுக்குப் போனார்.

இரண்டு திரையிலும் ரயில் படத்தை
ஒரே நேரத்தில் அழுத்தினோம்.
அவருடையது அரை நொடி முந்தியது.
எல்லா வசனமும் இரண்டு முறை கேட்டது.

சுரங்கப்பாதை.
நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.
பக்கத்தில் குறட்டை.

வெளிச்சம் வந்தது, ரயில் நின்றது,
அவள் இறங்கினாளா இல்லையா என்று
பார்த்தேன்.

ஊசி கழற்றும்போது விழித்தார்.
"முடிஞ்சிருச்சா? என்னதான் ஆச்சு?"

நீங்கள்தான் பார்த்தீர்களே என்றேன்.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
கூரையைப் பார்த்தார்.
"ஏழு தடவை போட்டாச்சு லா."

சொல்ல மாட்டேன்.