நலன் முரண்

பத்தொன்பது ஆண்டுகள்
தண்ணீரைக் கீழே வைத்திருப்பது என் வேலை.
நிலக்கரிக் குழியைச் சுற்றி நானூறு ஆழ்கிணறு,
ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார்.
மோட்டார் நின்றால் என் மேசையில் சிவப்பு விளக்கு.
குழிக்குள் ஈரம் ஏறக் கூடாது.
ஏற விடவில்லை.
விழலுக்கு இறைத்த நீர் என்பார்களே,
நாங்கள் விழலுக்குக்கூட இறைக்கவில்லை,
ஸ்ப்ரே ஆற்றில் விட்டோம்.
ஆறு பருத்தது. யாரும் குறை சொல்லவில்லை.

இரவுப் பணிகளுக்கு இடையே
தபாலில் முடித்த இளங்கலையோடு
நாற்பத்து நான்காம் வயதில்
கோட்புஸ் பல்கலைக்கழகத்தில் போய் நின்றேன்.
சுற்றுச்சூழல் மேலாண்மை, முதுகலை.
சேர்க்கைப் பிரிவில் இருந்த பெண்
படிவத்தை நீட்டிக் கேட்டாள்:
"மகளுக்கா?"

புள்ளியியல் தேர்வில் முப்பத்தெட்டு.
திட்ட விலக்கம் என்றால் என்னவென்று
குதைசியிலிருந்து வந்த தெமூர் சொல்லிக்கொடுத்தான்,
பதிலுக்கு அவனுடைய ஜெர்மனை நான் திருத்த வேண்டும்.
அவன் வீட்டுவாடகைக் கடிதத்தில்
உரிமையாளரை "என் அன்பே" என்று அழைத்திருந்தான்.
இரண்டாம் முறை இருவரும் தேறினோம்.

என்னைவிடப் பதினோரு வயது இளைய பேராசிரியை
ஒருநாள் சொன்னார்:
வளம் குன்றாமை என்ற நம் சொல்லை
முந்நூறு ஆண்டுக்கு முன் எழுதிவைத்தவர்
ஒரு சுரங்க அதிகாரி.
வெள்ளி உருக்க விறகு வேண்டும்,
காடு தீர்ந்துவிடுமே என்ற கவலை.
எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"என்ன, டோரீன்?"
"ஒன்றுமில்லை. எங்கள் ஆள்தான்."

மோட்டார்களை ஒவ்வொன்றாக அணைத்தாயிற்று.
தண்ணீர் தன் பழைய இருக்கைக்குத் திரும்புகிறது,
நாங்கள் புரட்டிப்போட்ட மணலின் வழியாக,
இரும்பைக் கரைத்துக்கொண்டு.
ஓடைக்குக் கடுந்தேநீர் நிறம்.
கல்லைத் தூக்கினால் விரலில் துரு.
கல்லுக்கடியில் இருக்க வேண்டிய பூச்சிகள் இல்லை.

முப்பத்திரண்டு இடம், பதினான்கு மாதம்.
ஒன்றுவிட்ட செவ்வாய்தோறும்
புட்டி, இரண்டு சொட்டு அமிலம், மூடி, பெயர்த்தாள்.
பதினேழாம் இடத்துக்கு நேர் மேலே
இருநூற்றுப் பன்னிரண்டாம் கிணறு.
அடிக்கடி மக்கர் பண்ணும்.
பனியில் போய் அதை உதைத்திருக்கிறேன்.

ரோனி இன்னும் பக்கத்துக் குழியில் மண்வெட்டி எந்திரம் ஓட்டுகிறான்.
"படித்து முடித்து
என்னை வீட்டுக்கு அனுப்பப் போகிறாயா?"
கேட்டுவிட்டுப் பேசாமல் சாப்பிட்டான்.
காலையில் பார்த்தேன்:
ஆற்றில் இறங்கும் என் ரப்பர் காலாடையின் ஓட்டையை
சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிவைத்திருந்தான்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள்.
தலைப்பு, பக்க எண்ணிக்கை, உறுதிமொழி.
ஒன்பதாம் கட்டம்:
நலன் முரண் உண்டா?
ஆம் எனில் இரண்டு வரியில் விளக்குக.

"இல்லை என்று போடு," என்றான் தெமூர்,
"அது கம்பெனிக் காசு வாங்குகிறவர்களுக்கு."
நான் வாங்கினேன், தெமூர்.
கூரை மாற்றினேன் அந்தக் காசில்.
மகளின் பல்வரிசை நேரானது அதில்தான்.
போன மாதம் வரை படிப்புக்கட்டணமும்
அதன் மிச்சம்.

ஆம் என்று குறியிட்டேன்.
இரண்டு வரி கேட்டார்கள், ஒன்று போதுமாயிருந்தது:
"இந்தத் தண்ணீரை எனக்கு முன்பே தெரியும்."

படிவம் திரும்பி வந்திருக்கிறது,
ஓரத்தில் பென்சிலால்:
தெளிவில்லை. பணிக்காலம், பொறுப்பு, தேதிகளுடன் தருக.

உட்கார்ந்து எழுதுகிறேன்.
சேர்ந்த தேதி இருக்கிறது. விலகிய தேதி இருக்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டை
அணைத்தது நான்தான்,
ஒரு வெள்ளிக்கிழமை, கையுறை இல்லாமல்.
எந்த மாதம் என்றுதான் நினைவில்லை.
ரோனி இரண்டு மணிக்கு வருவான்,
கேட்க வேண்டும்.