உழவுக்கா, வண்டிக்கா

நிறுத்தும்போதுதான் தெரியும்
இது என் உயரத்துக்குச் செய்ததில்லை என்று.
செக்காலை ரோட்டு நெரிசலில்
இடது பெருவிரல் நுனியில் நிற்கிறது
இருநூறு சிசி,
பின்னால் கட்டிய நைட்ரஜன் குடுவை,
அதற்குள் உறைந்து கிடக்கும்
சில ஜெர்சிக் காளைகள்.

புறவழிச்சாலையில் எண்பதைத் தாண்டினால்
கைப்பிடி நடுங்கும்.
திருச்சி பஸ் என்னைத் திட்டிக்கொண்டே கடக்கும்.
கடக்கட்டும்.

கண்மாய்க் கரை ஏறினால் வேறு வண்டி.
சரளையில் எழுந்து நின்று ஓட்டுகிறேன்,
முழங்கால் டாங்கைக் கவ்வ,
கருவை முள் சட்டையைத் தேட.
பழைய ஸ்கூட்டியை இங்கே
தள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

வெள்ளைக்கண்ணு வீட்டுப் பசு
விடியலிலிருந்து கத்துகிறதாம்.
பருவம் காத்திருக்காது.
உள்வாய்க் களிமண்ணில் நேற்றைய மழை.
முன்சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
எழுந்ததும் குடுவையைத்தான் தொட்டேன்.
மூடி கழலவில்லை.

ஓடிவந்தவர்
படுத்த மாட்டைத் தூக்குவதுபோலவே
பின்கம்பியைப் பிடித்துத் தூக்கினார்.
சுற்றிவந்து பார்த்தார்.
"எத்தன பல்லு?"
"ரெண்டு வருசம்ணே."
"உழவுக்கா, வண்டிக்கா?"
"ரெண்டுக்கும் சுமாருதான்."
"தீனி?"
"லிட்டருக்கு முப்பத்தெட்டு."
"தவணை?"
"இன்னும் பதினொண்ணு."

ம் என்றார்.
சேறு படிந்த சீட்டை
ஒரு தட்டுத் தட்டிவிட்டு
பசுவைப் பிடித்துவரப் போனார்.

நான் ஓட்டும் கையுறையைக் கழற்றி
தோள்வரை நீளும் மற்றதை
மாட்டிக்கொண்டேன்.